ஏலக்காய் ஸ்டோர் இஞ்சினியர்

1

நான் இருக்கும் ஊரில் மலை கிடையாது. மில்டியூரா என்று பெயர். ஆஸ்திரேலியாவில் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு பெரிய ஆற்றின் ஓரம் தட்டையாகப் படுத்துக் கிடக்கிற திராட்சை ஊர். மலை இல்லாத குறைக்கு நான் மேகத்தை மலையாக வைத்துக்கொள்வேன். சாயங்காலம் மேற்கே மேகம் குவிந்தால் வலது ஓரம் எங்கள் ஊர் மலையின் குரங்கணி, நடுவில் பள்ளமாகத் தெரிவது போடிமெட்டு என்று என் மனைவி பாண்டியம்மாளுக்குக் காட்டுவேன். அவள் மலையடிவாரத்துச் சிலமலைக்காரி.

"எங்கூரு எங்க?" என்பாள்.

"ஒங்கூரு கீழ தரையில கெடக்கு. மேகத்துல தரை எங்கிட்டு இருக்கும்?"

"எங்கூருன்னா மட்டும் ஒங்களுக்குக் கண்ணு தெரியாது."

இப்படி ஒரு சாயங்காலம் நாங்கள் பின்வாசலில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே சமையலறை மேசையிலிருந்து எங்கள் மகள் யாழினி கூப்பிட்டாள். என் நாற்பத்து நாலாம் வயதில் பிறந்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் இஞ்சினியரிங் சேர, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க ஒரு கொஸ்டின். பேரன்ட்ஸ்ல யாராவது யுனிவர்சிட்டி டிகிரி முடிச்சிருக்காங்களான்னு. நான் யெஸ் போட்டுட்டேன். நீங்க எந்த காலேஜ்?"

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

"போடிப் பக்கம்" என்றேன்.

"ஓகே. நோ போட்டாதான் இன்னொரு பேஜ் தொறக்குது. வீட்டுல யாருமே யுனிவர்சிட்டி போகலைன்னா மார்க் கொஞ்சம் கொறஞ்சாலும் சீட் குடுப்பாங்களாம். என் ஃப்ரெண்ட் எமிலி அதுலதான் அப்ளை பண்றா. லக்கி. எனக்கு மேத்ஸ் இழுக்குது, ஆனா நமக்கு அது இல்லை."

அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். விண்ணப்பம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

2

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாது என்பார்கள். வேறு யார் சொல்வது? கூட இருந்தவர்கள் எல்லாம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள்.

போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், ஏலத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பேர். அங்கே காய் உலர்த்தக் கற்றேன். பிறகு வளைகுடாவில் பேரீச்சம்பழம் உலர்த்தினேன். அங்கே என் கைவேலையைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரர், "எங்கள் ஊரில் திராட்சை உலர்த்த வருகிறாயா?" என்று கேட்டு இங்கே கூட்டிவந்தார். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக ஐந்து உலர்த்தும் கொட்டகைகள். திராட்சையைக் கையில் எடுத்து உருட்டினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவேன். இங்கே ஈரம் பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். என் கையும் அந்தக் கருவியும் மாறுபட்டால், ஆட்கள் கருவியைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஊரில் எல்லாரும் என்னை இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேரை நான் இங்கே வந்து வைத்துக்கொள்ளவில்லை. மலையிலிருந்தே கூட வந்த பேர். துணிமணி, ஒரு டப்பா ஏலக்காய், இந்தப் பேர், மூன்றும்தான் என்னோடு வந்து சேர்ந்தன. யாராவது கேட்டால் "ஊரில் என்னை இஞ்சினியர் என்பார்கள்" என்று சொன்னேன். அது நிஜம். கேட்டவர்கள் அதற்கு வேறு பொருள் எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? கேட்க இனிமையாக இருந்தது.

என் மகளும் கேட்டே வளர்ந்துவிட்டாள்.

3

விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். வருடத்தில் ஒரு நாள் எல்லாக் கதவையும் திறந்து வைத்து, வாருங்கள் வாருங்கள் என்று பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். கல்யாண வீடு மாதிரி பலூன், ஜூஸ், பை.

ஒரு நீளமான சுவரில் படிப்புகளின் பேரை எழுதி வைத்திருந்தார்கள். யாழினி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், கெமிக்கல், மெக்கட்ரானிக்ஸ், பயோமெடிக்கல், என்விரான்மென்டல். முதல் வருடம் எல்லாருக்கும் பொது, இரண்டாம் வருடம் பிரிந்துபோகலாம் என்றாள். எனக்கு அந்தப் பேர்கள் தோட்டத்துப் பேர்கள் மாதிரி கேட்டன. வேலையாட்களை ஏற்றிவரும் ஜீப்பு ஒவ்வொரு முடுக்கிலும் நின்று, "இது இன்னார் எஸ்டேட்டு, அது இன்னார் எஸ்டேட்டு" என்று இறக்கிவிட்டுக்கொண்டே போகும். பெண்கள் தூக்குவாளியோடு இறங்கிப் பனிக்குள் நடந்து மறைவார்கள். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் ஒரு பாதை, ஒரு சரிவு, ஒரு தண்ணீர்ச் சத்தம். அந்தச் சுவரின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாழினி கையைப் பிடித்து இழுத்தாள்.

கெமிக்கல் பகுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக ஓர் உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் ஆப்பிள் துண்டுகள். நான் அதைக் கண்டதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி பக்கத்தில் போய்விட்டேன். அங்கிருந்த பேராசிரியை நல்ல உயரம், நரைத்த முடி. யாழினி அவரிடம் பெருமையாக, "என் அப்பாவும் இஞ்சினியர்" என்று அறிமுகம் செய்தாள். அவர் சிரித்த முகமாக என்னிடம் ஏதோ கேட்டார். என் காதில் 'டிகிரி' என்ற ஒரு சொல் விழுந்தது.

எனக்கு டிகிரி என்றால் ஒன்றுதான். ஸ்டோர்ச் சுவரில் தொங்குகிற வெப்பமானி.

"ஃபார்ட்டி ஃபைவ்" என்றேன். "லாஸ்ட் ஒன் அவர், சிக்ஸ்டி."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாழினியும் சிரித்தாள். அப்பா என்ன அழகாக ஜோக் அடிக்கிறார் என்கிற சிரிப்பு.

திரும்பி வரும் ஆறு மணி நேரக் கார்ப் பயணத்தில் பாதி வழியில்தான் யாழினி சொன்னாள்: "அவங்க எந்த யுனிவர்சிட்டில டிகிரி வாங்குனீங்கன்னு கேட்டாங்க. ஃபார்ட்டி ஃபைவாம்! சூப்பர்ப்பா."

அப்போது சொல்லியிருக்கலாம். ரோடு நேராக, காலியாகப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் கோதுமை. பாண்டியம்மாள் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, "ஜோக்குதான், ஜோக்குதான்" என்று மட்டும் சொன்னாள்.

4

பத்து நாளில் நாலு நாள் போனது. நான் காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய்விடுவேன். அது திராட்சைக் கொடி துளிர்க்கிற மாதம், உலர்த்தும் வேலை இல்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கி, பர்னரைத் துடைத்து வைப்பதோடு சரி. அதையும் ஆட்கள் செய்துவிட்டார்கள். நான் காலிக் கொட்டகைக்குள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

கண்ணை மூடினால் போதும், மலை வந்துவிடும். முதலில் வாசம் வரும். பச்சைக் காய் சூடேறும்போது எழுகிற வாசம் கடைகளில் விற்கிற ஏலக்காய் வாசம் மாதிரி இருக்காது. மழையும் மண்ணும் கலந்து, லேசாக மூக்கைக் குத்தும். அதற்குப் பிறகு பனி வரும். போடிமெட்டில் பனி இறங்கிவராது, கேரளப் பக்கத்திலிருந்து நடந்துவரும். முதலில் மரங்களின் காலை மறைக்கும், பிறகு இடுப்பை. ஆட்கள் தலை மட்டும் மிதந்துபோவார்கள். அந்தப் பனிக்குள் எங்கோ ஒரு டீசல் இஞ்சின் தட்டுத் தட்டென்று ஓடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஸ்டோர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்போம்.

அந்த இஞ்சினை ஓட்டியவன் நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பழைய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். காயெடுப்புக் காலம், ஸ்டோர் முழுக்கப் பச்சைக் காய் குவிந்திருக்கிறது, காற்றாடி ஓடினால்தான் உலரும், இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பேர் மாற்றி மாற்றிக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் இஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன். பிணம் மாதிரி குளிர்ந்திருந்தது. "இதுக்குக் குளிருதுடா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சாக்கை வெந்நீரில் முக்கி அதன் மேல் போர்த்தினேன். ஒன்று ஆறினால் இன்னொன்று. அரை மணி நேரம் பிள்ளைக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி கொடுத்து, பிறகு கைப்பிடியைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் இருமிக்கொண்டு எழுந்தது.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டது.

மறுநாளிலிருந்து நான் பாதையில் வந்தாலே காயெடுக்கிற பெண்கள், "இஞ்சினியரு வர்றாரு, வெந்நி வைங்கடி" என்று கூவுவார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மலையாளி. அவர் தூரத்திலிருந்தே, "எஞ்சினீயரே, வேகம் வா" என்பார். பேரேட்டில் என் பெயருக்கு நேராக வேலை என்ற கட்டத்தில் அதையேதான் எழுதினார். இஞ்சின் ஓட்டுகிறவன் இஞ்சினியர். மலையில் அதற்கு வேறு பொருளே கிடையாது. அது ஒரு படிப்பு என்பது எனக்கே மலையிறங்கிய பிறகுதான் தெரியும்.

கண்ணைத் திறந்தேன். கொட்டகை வாசலில் பாண்டியம்மாள் நின்றாள்.

"மேத்ஸ் பரீட்சையில திரும்பவும் மார்க்கு கொறஞ்சிருச்சாம். ரூமுக்குள்ள அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?"

"இத்தன வருசம் கழிச்சு என்னன்னு சொல்ல?"

"இங்க ஒக்காந்து காத்த ஒலத்துறத விட்டுட்டு வெரசா வாங்க. அவளுக்குச் சீட்டு போச்சுன்னா, அந்தப் பேர வெச்சு நாக்கு வழிக்கவா?"

5

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் நிமிர்ந்து பேசியிருக்கிறேன். என் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாழினி, அந்த யெஸ்ஸ நோ ஆக்கிரு."

"வாட்?"

"அப்பாவுக்கு டிகிரி கெடையாது."

"டிப்ளமோவா?"

"இல்ல."

"அப்போ டுவெல்த்?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"டென்த்? எய்ட்த்?"

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு இறங்குகிற மாதிரி அவள் ஒவ்வொரு வகுப்பாக இறங்கி வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நான் தலையாட்டினேன். அடிவாரம் எப்போது வரும் என்று இருந்தது.

"நாலாவது" என்று அடுப்படியிலிருந்து பாண்டியம்மாள் குரல் வந்தது.

"அஞ்சாவது" என்றேன் நான்.

யாழினி என்னையே பார்த்தாள். "அப்ளிகேஷன் எஸ்ஸேல ஃபர்ஸ்ட் லைனே அதுதான்ப்பா. என் அப்பா இஞ்சினியர், அவர் மாதிரி ஆகணும்னு. பிரைமரி ஸ்கூல்ல இருந்து எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். ஏன் சொல்லவே இல்லை?"

"நீ கேக்கல."

"கேட்டேன். போன வாரம் கேட்டேன். 'போடிப் பக்கம்'னு சொன்னீங்க."

நான் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு மூன்று நாள் அவள் என்னிடம் தமிழில் பேசவில்லை. கோபம் வந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் கத்துவார்கள், கதவை அறைவார்கள். இவள் மரியாதையாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். அப்பா என்கிற சொல் 'டாட்' ஆகிவிட்டது. "டாட், டின்னர் இஸ் ரெடி." அவ்வளவுதான். முப்பது வருடம் ஆங்கிலம் கேட்டிருக்கிறேன், அந்த ஒரு சொல்தான் இவ்வளவு குளிராக இருந்தது. தமிழ் அவளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஊரில் எல்லாரிடமும் குறைப்பட்டிருக்கிறேன். அவளைத் தமிழிலிருந்து நானே விரட்டுவேன் என்று நினைத்ததில்லை.

6

நாலாம் நாள் மத்தியானம் கம்ப்யூட்டரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். 'நோ' போட்டால் திறக்கிற பக்கம் திறந்திருந்தது. பெற்றோர் கடைசியாகப் படித்த வகுப்பு என்ன, என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதி, நம் ஊர் நோட்டரி போல ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டுரையையும் புதிதாக எழுத வேண்டும்.

"ஃபர்ஸ்ட் ஜாப். வாட் வாஸ் யுவர் டைட்டில், டாட்? ரியல் டைட்டில்."

"இஞ்சினியர்."

"டாட்!"

"சத்தியமாத்தான் சொல்றேன். வேணும்னா மொக்கராசுவக் கேளு."

மொக்கராசு என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இன்றும் போடியிலிருந்து மெட்டுக்கு ஆட்களை ஏற்றி ஜீப்பு ஓட்டுகிறான். அங்கே அப்போது காலை ஒன்பதரை. யாழினி என் போனைப் பிடுங்கி அவனை வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் முதலில் வெறும் வெள்ளைப் பனிதான் தெரிந்தது. பிறகு அதற்குள்ளிருந்து மப்ளர் கட்டிய தலை ஒன்று டீ கிளாசோடு வந்தது.

"டேய் இஞ்சினியரு! என்னடா அதிசயமா?"

"அங்கிள், நான் யாழினி."

"ஆத்தா! நல்லா இருக்கியா? ஏன் ஆத்தா மொகத்த இப்பிடித் தூக்கி வெச்சிருக்க?"

"அப்பா நெஜமா இஞ்சினியரா?"

"இதென்ன கேள்வி? இந்த மலைக்கே அவன்தான் இஞ்சினியரு. ஜீப்ப ஓட்டுறவன் டைவரு, இஞ்சின ஓட்டுறவன் இஞ்சினியரு. இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"நல்ல இஞ்சினியரா?"

"கழட்டுறதுல கெட்டிக்காரன் ஆத்தா. மாட்டும்போது நாலு நட்டு மிஞ்சும். 'இதெல்லாம் கம்பெனிக்காரன் தெரியாமப் போட்டது'ன்னு மடியில முடிஞ்சுக்குவான்."

யாழினி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சத்தம் வந்துவிட்டது.

"இப்ப எம் பேத்தி கீழ போடியிலயே காலேஜ்ல மெக்கானிக்கல் படிக்கிறா. ஜீப்புல கைய வைய்யின்னா, அழுக்கா இருக்குங்கறா. அவளும் இஞ்சினியராம்!"

"அங்கிள், அப்பா எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க?"

"ரெண்டு பேரும் நாலாவது."

"அஞ்சாவதுடா" என்று நான் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

"அஞ்சாவதுல நீ எங்கடா ஒக்காந்த? வாத்தியாரு பேர வாசிச்சாக. அன்னைக்குக் காயெடுப்பு ஆரம்பிச்சிருச்சு, நீ ஒங்க ஆத்தாகூட மேல போயிட்ட. நாலு நாள் வாசிச்சாக. அப்பறம் பேர அடிச்சிட்டாக."

"வாசிச்சாகளா இல்லையா?"

"வாசிச்சாக."

"அப்ப அஞ்சாவதுதான்."

யாழினி எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்தாள். "நாலு நாள் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். "ம்" என்றேன். விண்ணப்பத்தில் நாலு என்று போட்டாள். நான் மறுக்கவில்லை.

கையெழுத்துக்குச் சாட்சி போட இங்கே மருந்துக்கடைக்காரருக்கு அதிகாரம் உண்டு. எங்கள் தெரு முனைக் கடைக்காரர் என்னைப் பதினைந்து வருடமாக "ஹலோ இஞ்சினியர்" என்று கூப்பிடுகிறவர். சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சத்தமாகவே வாசித்தார். சின்னமுத்து ஆகிய நான், எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை, நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் மருந்துச் சீட்டோடு நின்றார்கள். அதில் ஒருவர் என் கொட்டகையில் வேலை பார்க்கிறவர். யாழினி காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

கடைக்காரர் முத்திரை குத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தேங்க் யூ, இஞ்சினியர்" என்றார். பழக்கத்தில் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

7

ஜனவரி மாத வெயிலில், கொடிகளில் காய் கனிந்து கண்ணாடி ஆகிக்கொண்டிருந்த ஒரு நாள், இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மார்க்கு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. அந்த 'நோ' பக்கம்தான் அவளை உள்ளே ஏற்றிவிட்டது. பாண்டியம்மாள் ஒரு கை சீனியை எடுத்து மகள் வாயில் போட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்பதால், நாலு துகள் என் உள்ளங்கையில் வைத்தாள்.

மொக்கராசுவுக்குச் சொன்னேன். அவன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, "அப்ப இனிமே ஒன்ன என்னன்னுடா கூப்புட?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கோ அன்று முழுக்க அது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த யாழினியிடம் போய் அதையே சொன்னேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"கோர்ஸ் நாலு வருஷம்ப்பா. அதுவரைக்கும் நம்ம வீட்டுல நீங்கதான் இஞ்சினியர், வெச்சுக்கோங்க. அப்புறம் எனக்குக் குடுத்துடணும். ஓகேவா?"

"நாலு வருசமா?"

"நாலேதான்."

போடி ஏலக் கடைகளிலிருந்து இந்த ஊர்த் திராட்சை வியாபாரிகள் வரை, யார் ஒரு கெடு சொன்னாலும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்காமல் நான் எழுந்ததே இல்லை. இவளிடம் மட்டும் ஒரு நாள்கூடச் சேர்த்துக் கேட்கவில்லை. சரி என்றேன்.